திருப்பதியில் தங்கிவிட்ட பசி

தாட்சாயணியின் பசி திருப்பதியிலேயே தங்கிப்போனதற்கு முந்தின நாள் அவளுக்கும் அவள் புருஷன் தணிகாசலத்துக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். பின்னால் பல வருஷம் அவள் அதை வார்த்தை பிசகாமல் நினைத்துப் பார்த்தாள்.

"சாட்டிம்பு போட்டுட்டாங்க. இனிமே ஜாத்திரை முடியற வரைக்கும் எல்லை தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாது" என்றாள் அவள்.

"அது இந்த ஊர்க்காரங்களுக்கு. நாம நகரிக்காரங்க."

"கல்யாணம் ஆன நாளா இந்த ஊர்த் தண்ணியத்தான் குடிச்சிக்கினு இருக்கோம்."

"மதராசுல ஆபீஸ் எனக்காகக் காத்துக்கினு இருக்குது. கெங்கம்மா கையில லீவு லெட்டர் வாங்கிக்கினு போய் நீட்டச் சொல்றியா? மூணு மாசந்தானே. பொட்டியக் கட்டு."

அவள் பெட்டியைக் கட்டினாள். அது 1954ஆம் வருஷத்துச் சித்திரை வெயில். ஆந்திர ராஜ்யம் பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் அந்த ராஜ்யத்தின் நில அளவைப் படங்களில் பாதி இன்னும் மதராசில் ஒரு பழைய கட்டடத்தில் கலந்து கிடந்தன. எந்தப் படம் யாருக்கு என்று பிரிப்பதற்குத் தமிழும் தெலுங்கும் தடுமாறாமல் படிக்கிற ஆட்கள் வேண்டியிருந்தது. திருப்பதி சர்வே ஆபீசில் அப்படி இருந்தவன் தணிகாசலம்தான். வருஷா வருஷம் ஊர்க்காவல் அம்மன் கெங்கம்மாவின் ஜாத்திரைக்கு முன்னால் ஊரின் மூலைக்கு மூலை பறையடித்துச் சாட்டிம்பு சொல்வார்கள். அதற்குப் பிறகு ஊரில் குடியிருக்கும் யாரும் வெளியூரில் இரவு தங்குவதில்லை. கல்யாணம், சாவு, கோர்ட்டு எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். நகரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதை மீறியதில்லை. தணிகாசலம் மட்டும் மறுநாள் காலையில் ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் மனைவியின் மணிக்கட்டுமாகப் பஸ் ஏறினான். ரேணிகுண்டா ரோட்டில் எல்லையைத் தாண்டும்போது தாட்சாயணிக்கு ஒன்றும் தெரியவில்லை. புத்தூரில் பஸ் நின்றபோது புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிரித்த பிறகுதான், அதைச் சாப்பிட உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தது.

திருப்பதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த பின்கட்டைக் காலி செய்யவில்லை, மூன்று மாதம்தானே என்று பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முன்கட்டில் இருந்த வீட்டுக்காரி கிருஷ்ணம்மா மூன்றாம் நாள் மதியம் உள்ளே தட்டு உருளும் சத்தம் கேட்டுப் பூனை என்று நினைத்துத் திறந்து பார்த்தாள். பூனை இல்லை. சமையலறை வாசலில் கிடந்த மணை, ஆள் உட்கார்ந்தது போலத் தரையோடு அழுந்தியிருந்தது. கிருஷ்ணம்மா கணவனை இழந்தவள், ஆறு பேரை வளர்த்துக் கரையேற்றியவள். பசி எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். ஒரு தட்டில் சோறு போட்டுக் கோங்கூராப் புளுசு, அதாவது புளிச்சகீரைக் குழம்பு, ஊற்றி மணைக்கு முன்னால் வைத்தாள். சோறு இடது ஓரத்திலிருந்து ஒரு வரப்பு போலக் குறைந்துகொண்டே வந்தது. தாட்சாயணி சாப்பிடுவது அப்படித்தான். பிறகு கிருஷ்ணம்மா தினமும் இரண்டு வேளையும் வைத்தாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பசி ஒருபொழுது இருந்தது. தெருவில் கல்யாணம் நடந்தால் அதற்கும் ஓர் இலை போட்டார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். இரண்டாவது தடவை பாயசம் கேட்கும்போது இலை லேசாக அசையும் என்பதைப் பரிமாறுகிறவர்கள் பழகிக்கொண்டார்கள்.

இந்தச் சேதிகளையெல்லாம் மதராசுக்குக் கொண்டுவந்தவன் சிட்டிபாபு. திருப்பதி–மதராஸ் பஸ்ஸில் கண்டக்டர். புரசைவாக்கத்தில் அவன் தங்கை வீடும் தாட்சாயணி குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீடும் அடுத்தடுத்த சந்து. வாசலில் நின்று, விசிலை விரலில் சுற்றிக்கொண்டே சொல்வான். "அக்கா, ஒங்க பசி சௌக்கியமா இருக்குது. மங்களவாரம் ராகி சங்கடி ரெண்டு உருண்டை துன்னுச்சாம். கிருஷ்ணம்மா ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க, ஊறுகா மட்டும் கொஞ்சம் கம்மியா போடுறாங்களாம், வயித்துக்கு ஆவாதுன்னு." தாட்சாயணி சரி என்று தலையாட்டுவாள். உள்ளே ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தணிகாசலம், கெழவிக்குப் பொழுது போவல, கதை கட்டுது என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்புவான்.

அவன் அவளுக்கு மதராசைக் காட்டுவதில் குறியாக இருந்தான். இருக்கப்போவது மூன்று மாதம், அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தலைவாரிக்கொண்டு நிற்பான். செத்த காலேஜ் என்று ஊர் சொல்கிற மியூசியத்துக்குப் போனார்கள். அங்கே திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். உயிர் காலேஜுக்குப் போனார்கள். அங்கே புலி அவளைப் பார்த்தது, அவள் புலியைப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஐகோர்ட்டு லைட்டவுஸ், கோட்டை, ஹார்பரில் நின்ற கப்பல்கள், மூர் மார்க்கெட்டில் கிளி விற்கிற வரிசை எல்லாம் ஆயிற்று. ஒவ்வொரு இடத்தைப் பார்த்து முடித்ததும் ஓர் ஓட்டல். திருவல்லிக்கேணியில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருகிற இடம், சவுகார்பேட்டையில் பூரிக்குப் பிறகு மண் கோப்பையில் பாதாம் பால் தருகிற இடம், தம்புச்செட்டித் தெருவில் வக்கீல்கள் நின்றுகொண்டே நெய் தோசை தின்கிற இடம், மவுண்ட் ரோட்டில் மாடியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிற இடம். ஆபீசில் யார் எந்த ஓட்டலைப் பற்றிச் சொன்னாலும் அந்த வாரமே கூட்டிப்போனான். தாட்சாயணியின் நாக்குக்குத் தெரிந்தது சூடு, குளிர்ச்சி, மெத்து, மொறுமொறுப்பு அவ்வளவுதான். அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி இருக்கிறது என்று கேட்பான். நல்லா இருக்குது என்பாள். ஏதோ குறைவது போல ஒரு நிமிஷம் அவன் யோசிப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைவிடப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போவான்.

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. படங்களைப் பிரித்து முடிப்பதற்குள் எல்லைத் தகராறு வந்தது. எந்தக் கிராமம் எந்த ராஜ்யத்துக்கு என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். நகரியில் ஒரு கட்சி, திருத்தணியில் ஒரு கட்சி. தணிகாசலத்தின் தகப்பனார் நிலத்தில் கிணறு ஒரு ராஜ்யத்திலும் கிணற்றின் தண்ணீர் பாய்கிற கழனி இன்னொரு ராஜ்யத்திலும் வரும்போல ஒரு படம் கொஞ்ச நாள் மேஜையில் கிடந்தது. அதை அவனே அளந்து கொடுத்துவிட்டு வந்து சாப்பிட்டான். தற்காலிக உத்தரவு நீண்டுகொண்டே போயிற்று.

முதல் வருஷக் கடைசியில் கிருஷ்ணம்மா சூளூர்பேட்டையில் இருந்த மகன் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டாள். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், இரண்டு மசால் தோசை சாப்பிட்ட கையோடு, தாட்சாயணி மெரினா மணலில் மயங்கி விழுந்தாள். கூட்டம் கூடியது. யாரோ சோடா உடைத்துத் தெளித்தார்கள். வெயில், என்றான் தணிகாசலம். சாப்பாடு இல்லாமல் விழுந்தது போல இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அவனுக்குக் கோபமே வந்தது. தான் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். சூளூர்பேட்டையிலிருந்து கிருஷ்ணம்மா திரும்பி வந்து, மணை நடுவறைக்கு நகர்ந்து வந்து கிடப்பதைப் பார்த்துப் பதறி, உலை வைத்தாள். அன்று மதியம் மதராசில் தாட்சாயணி எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்தாள்.

அதன் பிறகு அவள், தன் பக்கத்து உறவில் ஒரு வளைகாப்பைச் சாக்குச் சொல்லி, சிட்டிபாபுவின் பஸ்ஸில் தனியாகத் திருப்பதிக்குப் போனாள். கிருஷ்ணம்மா இரண்டு தட்டு வைத்தாள். தாட்சாயணி தன் பசிக்கு எதிரே உட்கார்ந்தாள். அது அவளை யாரோ என்று நினைத்தது. தன் பாட்டுக்கு இடது ஓரத்திலிருந்து சாப்பிட்டது. ரசம் கேட்டது. முடித்ததும், விருந்தாளி சாப்பிட்டு முடிக்கக் காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் மணையை விடாமல் இருந்தது. தாட்சாயணியின் தட்டில் இருந்தது அப்படியே இருந்தது. அவள் அழவில்லை, அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள், வரவில்லை. அந்த வருஷ ஜாத்திரையில் கிருஷ்ணம்மா மேல் அம்மன் இறங்கியபோது தெருக்காரர்கள் இந்த விஷயத்தைக் கேட்டார்கள். எல்லை தாண்டி இழுத்துப் போனவன் எவனோ அவனே அவளோடு வரவேண்டும், பொண்டாட்டியின் புடவையைக் கட்டி, மஞ்சள் பூசி, பூ வைத்து, பொம்பளை வேஷத்தில் தெருவோடு நடந்து என் வாசலுக்கு வந்து கேட்கவேண்டும், கேட்டால் விடுகிறேன் என்று அம்மன் சொன்னாள். அது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை. ஜாத்திரையில் வேண்டுதல் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் புடவை கட்டி வருகிறவர்கள்தான். மீசையை வழித்த போலீஸ்காரர்களும் வளையல் போட்ட மண்டிக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சிட்டிபாபுவே இரண்டு தடவை கட்டியிருக்கிறான், இரண்டு தடவையும் கொசுவம் நிற்கவில்லை என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் தணிகாசலத்திடம் அதை எப்படிக் கேட்பது. திருப்பதிக்கு வந்த புதிதில், ஆபீஸ் பியூன் கங்கையா ஜாத்திரையன்று புடவையோடு வந்து நமஸ்காரம் செய்தபோது, தணிகாசலம் அவனை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினான். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் செய்கிற காரியமா இது என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தகப்பனார் ஏர் பிடித்தவர். அந்தக் குடும்பத்தில் பேன்ட் போட்ட முதல் ஆள் அவன். அந்தப் பேன்ட்டின் மடிப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பாதுகாக்கிறவனிடம் போய்ப் புடவை கட்டு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வராமல் இல்லை. திமிங்கிலத்தின் அடியில் இரண்டாவது தடவை நின்றபோது வந்தது, அதற்குள் அவன் அதன் நீளத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டான். கடற்கரையில் வந்தது, சுண்டல்காரன் குறுக்கே வந்தான். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் ரோஸ் மில்க் குடித்தபோது தொண்டைவரை வந்து நின்றது. எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். நல்லா இருக்குது என்று சொன்னாள்.

நாள் போகப்போகப் பசியைத் தேடிக்கொண்டு மற்றவையும் அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலில் பாட்டு. பூட்டிய பின்கட்டில் மத்தியானங்களில் யாரோ முணுமுணுத்துப் பாடுவதாகக் கிருஷ்ணம்மா சொல்லியனுப்பினாள். அந்த வாரம் ரேடியோவில் என்ன பாடினாலும் தாட்சாயணிக்கு அது பஸ் ஓடுகிற சத்தமாகத்தான் இருந்தது. பிறகு கோபம். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்திவிட்டு எவளோ தண்ணீர் பிடித்தாள், தாட்சாயணி பேசாமல் காத்திருந்தாள். அதே நாள் திருப்பதியில் கிணற்றடியில் யாரும் இல்லாமலே ஒரு சண்டை நடந்தது, ராட்டினக் கயிறு அறுந்தது. மல்லிகைப்பூவின் மேலிருந்த ஆசை போயிற்று. கனவு போயிற்று. கிருஷ்ணம்மா அவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். பின்கட்டில் இப்போது ஒரு குடும்பமே இருப்பது போல இருக்கிறது என்றாள். தாட்சாயணி காலையில் எழுந்ததும் செய்கிற முதல் காரியம், பக்கத்தில் தூங்கும் தணிகாசலத்தைத் திரும்பிப் பார்ப்பது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அவனைப் பார்த்தால் மனசில் ஒரு சின்ன இடம் வெதுவெதுப்பாகும். இன்னும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். ஆனால் அதுவும் வாசல்வரை போய்விட்டு வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சில காலைகளில் அது வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

1960 பிறந்ததும் எல்லை முடிவாகிவிட்டது. ஏப்ரலில் திருத்தணி மதராசோடு சேரும், நகரி ஆந்திராவோடேயே நிற்கும், சத்தியவேடு இங்கிருந்து அங்கே போகும். கிராமங்களைப் பிரித்த பிறகு பிரித்தவர்களையும் பிரிக்க வேண்டியிருந்தது. ஆபீசில் ஒவ்வொருவரும் எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்கப் போகிறார் என்று சொல்லிவிட வேண்டும், சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது என்று உத்தரவு வந்தது. அதே மாதம் சிட்டிபாபு வந்தான். அன்றைக்கு விசிலைச் சுற்றவில்லை. "அக்கா, கிருஷ்ணம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. இந்த ஜாத்திரையோட வீட்ட வித்துட்டு சூளூர்பேட்டைக்குப் போறாங்களாம். வாங்குறவங்க யாருன்னு தெரியாது. வர்றவங்க தட்டு வெப்பாங்களோ என்னமோ. நீங்கதான் எதுனா முடிவு பண்ணணும்னு சொன்னாங்க." தாட்சாயணி அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். பயம் வரவேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. பயமும் போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் அவளை மவுண்ட் ரோட்டில் புதிதாக எழும்பியிருந்த பதினாலு மாடிக் கட்டடத்தைப் பார்க்கக் கூட்டிப்போனான். எதிர்ப் பக்க நடைபாதையில் ஊரே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து வலிக்கும்வரை இவர்களும் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் ஓர் ஓட்டலுக்குள் போய்க் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று தடுத்து வைத்திருந்த அறையில் உட்கார்ந்தார்கள். அவன் தனக்குக் காபி மட்டும் சொன்னான். அவளுக்கு ரவா தோசையும் பாதாம் அல்வாவும் சொன்னான். தோசை வந்தது. அவள் இடது ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். சூடு, மொறுமொறுப்பு. அவன் வழக்கம்போலக் குனிந்து முகத்தைப் பார்த்தான். ஆனால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"நாளைக்கு மதராஸ்னு சொல்லிடப்போறேன்" என்றான்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"திருப்பதியில நீ துன்னும்போது முதல் வாய்க்குக் கண்ண மூடுவே. உனக்கே தெரியாது அது. நான் அதப் பாக்கத்தான் ஒரே நேரத்துல உக்காந்து சாப்புடாம உனக்குப் பின்னால சாப்புடுவேன். இங்க வந்து ஒரு தடவகூட நீ மூடல." அவன் காபியை ஆற்றினான். ஆற்றத் தேவையில்லாத அளவுக்கு அது ஆறியிருந்தது. "இந்த ஊர்ல நாம பாக்காத ஓட்டல் இன்னும் எவ்ளோ இருக்குது. இருந்துட்டோம்னா எங்கியாவது ஒரு எடத்துல மூடிடுவே, இல்ல?"

தாட்சாயணி அவனைப் பார்த்தாள். அந்த வெதுவெதுப்பு வந்தது. தூரத்திலிருந்து நடந்து வருவது போல மெதுவாக வந்து, களைத்துப்போய் உட்கார்ந்தது. இன்னொரு தடவை இது இவ்வளவு தூரம் வராது என்று தெரிந்தது.

"நல்லா இல்ல" என்றாள். "இதுவும் இல்ல, திருவல்லிக்கேணியும் இல்ல, சவுகார்பேட்டையும் இல்ல. எதுவுமே எனக்குத் தெரியல. நான் பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

அவன் டபராவைக் கீழே வைத்தான். பக்கத்துத் தடுப்பில் யாரோ இன்னொரு பிளேட் வடை கேட்டார்கள்.

"சிட்டிபாபு சொல்றது..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பேன்ட்டின் மடிப்பை முழங்காலில் இரண்டு விரலால் நீவினான். "எனக்கு மெரினாவுலயே தெரியும். ரெண்டு தோச துன்னவ பட்டினியா விழுந்தா அது இன்னா வெயிலு. நான் கூட்டிக்கினு வந்ததாலதான்னு ஆயிடுமேன்னு பேசாம இருந்தேன்." பிறகு, தாலுகா எல்லையைக் கேட்பது போன்ற குரலில், "அதை இட்டாரணும்னா நான் இன்னா செய்யணும்?" என்றான்.

அல்வா வந்தது. சர்வர் அதை வைத்துவிட்டுப் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்து தேய்ந்துபோயிருந்ததால் அது மிகவும் சுலபமாக வெளியே வந்தது.

"இந்த ஜாத்திரைக்கு என் அரக்குப் பொடவையக் கட்டிக்கினு, மஞ்சப் பூசிக்கினு, தலையில பூ வெச்சிக்கினு, எல்லாரும் பாக்க என்கூடத் தெருவுல நடந்து வாங்க. அம்மா வாசல்ல நின்னு எனக்காகக் கேளுங்க."